குப்பைக்கு போகும் கொண்டையில் தொட்டி நிறைய அன்னாசி! சமையலறை மிச்சத்தில் எது முளைக்கும்? எது ஏமாற்றும்?

நாமக்கல்,

கொல்லிமலைக்கு போய் வருகிறவர்கள் யாரும் வெறும் கையோடு திரும்புவதில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரை கும்பிட்டுவிட்டு கீழே இறங்கும்போது பையில் மிளகு இருக்கும், மலை வாழைப்பழம் இருக்கும். அன்னாசி கட்டாயம் இருக்கும்.

சோளக்காடு சந்தையில் அன்னாசி வாங்கும் பலர், 'பையில் குத்துது' என்று சொல்லி பழத்தின் கொண்டையை அங்கேயே திருகி போட்டுவிடுகிறார்கள். வீடு வரை கொண்டு வருகிறவர்களும், பழத்தை வெட்டியதும் கொண்டையை குப்பை கூடையில்தான் வீசுகிறார்கள்.

உண்மையில் அவர்கள் தூக்கிப்போடுவது ஒரு முழு செடி. அதை மண்ணில் வைத்தால் வேர் விடும், வளரும், பூக்கும், பழமும் கொடுக்கும்.

அன்னாசி மட்டும் இல்லை. புதினா காம்பு, முளை விட்ட வெங்காயம், அழுகிப்போன தக்காளி, பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்து என்று சமையலறையில் மிச்சமாகும் பல பொருட்களை வீட்டிலேயே திரும்ப வளர்க்கலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'எதை நட்டாலும் முளைக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி, கேரட் நுனியை புதைத்துவிட்டு கேரட் வரும் என்று காத்திருக்கும் வீடுகளும் உண்டு. 2 மாதம் தண்ணீர் ஊற்றி பார்த்துவிட்டு, 'நமக்கு கைராசி இல்லை' என்று தொட்டியை கவிழ்த்து விடுகிறார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எது முளைக்கும், எத்தனை நாள் ஆகும், எது எப்போதும் வராது என்ற கணக்கு தெரிந்தால் போதும்.

அதன் விவரம் வருமாறு:-

கொண்டைக்குள் என்ன இருக்கிறது?

அன்னாசியின் தாயகம் தென்அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர்கள் மூலம் 16-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. இன்று கேரளாவிலும், வடகிழக்கு மாநிலங்களிலும், தமிழகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்திலும், கொல்லிமலையிலும் பயிராகிறது.

நாம் சாப்பிடும் அன்னாசி ஒரே பழம் இல்லை. 100 முதல் 200 வரையிலான சின்ன சின்ன பூக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உருவானதுதான் அந்த பழம். தோலில் கண் கண்ணாக தெரிகிறதே, ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம்.

பழத்தின் உச்சியில் இருக்கும் கொண்டை ஒரு குட்டி செடி. அதன் நடுத்தண்டில் கீழ் இலைகளை உரித்து பார்த்தால், பழுப்பு நிறத்தில் சின்ன சின்ன புள்ளிகள் தெரியும். அவைதான் வேர் முளைகள். மண்ணோ, ஈரமோ பட்டால் அவை நீள ஆரம்பித்துவிடும்.

மலையில் சாகுபடி செய்யும் விவசாயிகளும் விதை போட்டு அன்னாசி வளர்ப்பதில்லை. செடியின் அடியில் வரும் பக்கக்கன்றுகளைத்தான் அதிகம் நடுகிறார்கள். காரணம், பக்கக்கன்று சீக்கிரம் காய்க்கும். கொண்டை சில மாதங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் வளர்ப்பவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. கொண்டை காசில்லாமல் கிடைக்கிறது என்பதே போதும்.

நடுவது எப்படி?

முதலில் பழம் வாங்கும்போதே கொண்டையை பார்த்து வாங்க வேண்டும். இலை பச்சையாக இருக்க வேண்டும். நடு இலையை மெதுவாக இழுத்து பார்த்தால் கையோடு வரக்கூடாது. வந்தால் உள்ளே அழுகிவிட்டது என்று அர்த்தம்.

கொண்டையை கத்தியால் வெட்டுவதை விட திருகி எடுப்பது நல்லது. ஒரு கையில் பழத்தையும், மறு கையில் கொண்டையையும் பிடித்து, துணி பிழிவது போல திருகினால் தண்டோடு கழன்று வரும். கொண்டையில் பழ சதை ஒட்டி இருந்தால் சுத்தமாக நீக்கிவிட வேண்டும். சதை இருந்தால் அது அழுகும், எறும்பு வரும், கொண்டையும் சேர்ந்து கெடும்.

அடுத்து, அடியில் உள்ள சிறிய இலைகளை ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் தண்டு வெளியே தெரிந்தால் போதும்.

இதற்கு பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள். உரித்த கையோடு மண்ணில் நட்டு, மேலே ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றிவிடுகிறார்கள். அப்படி செய்தால் திருகிய காயம் வழியாக பூஞ்சாணம் ஏறி தண்டு அழுகிவிடும். கொண்டையை தலைகீழாக நிழலில் 3 முதல் 5 நாட்கள் வைத்து, காயம் காய்ந்த பிறகே நட வேண்டும்.

நேராக மண்ணில் நடலாம். வேர் வருவதை கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், அடித்தண்டு மட்டும் நனையும்படி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். 3 முதல் 4 வாரத்தில் வெள்ளை வேர்கள் வரும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த முறைதான் அவர்களுக்கு பிடிக்கும். ஆனால் தண்ணீரை 2 நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கான முக்கிய காரணம் கடைசியில் இருக்கிறது.

தொட்டியும் மண்ணும்

12 அங்குல தொட்டி ஒரு செடிக்கு போதும். புதிதாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய பெயிண்ட் வாளி, உடைந்த பிளாஸ்டிக் குடம், எண்ணெய் டின் எதுவானாலும் நன்றாக கழுவி, அடியில் 4, 5 ஓட்டை போட்டுக்கொள்ளலாம்.

செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. இந்த கலவை போதும். மணல் கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவு சேர்க்கலாம். எதுவாக இருந்தாலும் ஊற்றிய தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும்.

அன்னாசிக்கு தாகம் குறைவு. மேல் மண்ணில் விரலை விட்டு பார்த்து, காய்ந்து இருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். தண்ணீர் இல்லாமல் செத்த அன்னாசியை விட, தண்ணீர் அதிகமாகி செத்த அன்னாசிதான் அதிகம்.

தினமும் 6 மணி நேரமாவது வெயில் பட வேண்டும். ஆனால் மலையில் வளரும் பயிர் என்பதால், சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அப்படியே விட்டால் இலை வெளுத்து கருகும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் பச்சை வலை கட்டலாம். இல்லாவிட்டால் மதிய வெயில் படாத பக்கம் தொட்டியை நகர்த்தலாம்.

மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடலாம். கடலைப்புண்ணாக்கை ஊற வைத்து, தண்ணீர் கலந்து ஊற்றுவதும் நல்லது.

2 வருட பொறுமை

அன்னாசியில் பலரும் சொல்லாமல் விடுவது, காத்திருக்க வேண்டிய காலத்தைத்தான்.

கொண்டையை நட்டு பழம் கையில் வருவதற்கு சுமார் 2 வருடம் ஆகும். கவனிப்பு குறைந்தால் இன்னும் சில மாதங்கள் கூடும். அதுவும் ஒரு செடிக்கு ஒரே ஒரு பழம். கடையில் வாங்கியதை விட அளவில் சின்னதாகத்தான் இருக்கும்.

நகரத்தில் பல குடும்பங்கள் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். 'நட்ட செடி காய்க்கும்போது நாம இந்த வீட்டுல இருப்போமா?' என்ற கேள்வி நியாயமானதுதான். தரையில் நட்ட செடியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தொட்டி அன்னாசிக்கு அந்த கவலை இல்லை. வீடு மாறும்போது கேஸ் அடுப்போடும், பீரோவோடும் அதையும் வண்டியில் ஏற்றிவிடலாம். அதனால் செடிக்கு பெரிய பாதிப்பும் வராது.

வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஈர மண்ணோடு ஒரு 12 அங்குல தொட்டி 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மாடியின் நடுவில் கூட்டமாக வைக்காமல், சுவர் ஓரமாக வைக்க வேண்டும். அடியில் செங்கல் வைத்து தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் இறங்காது.

பூக்கவில்லையா? வாழைப்பழம் போதும்!

செடி 35 முதல் 40 இலைகள் வரை விட்ட பிறகு பூக்க தயாராகிவிடும். நடுக்குருத்து சிவந்து, அதில் இருந்து ஊதா நிற பூக்கள் வரும். பார்க்கவே அழகாக இருக்கும்.

சில செடிகள் நன்றாக வளர்ந்தும் பூக்காமல் அடம்பிடிக்கும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நன்றாக பழுத்த 2 வாழைப்பழத்தை செடியின் அடியில் வைத்து, செடியையும் பழத்தையும் சேர்த்து ஒரு பெரிய பாலித்தீன் பையால் மூடி, நிழலில் 3, 4 நாட்கள் வைக்க வேண்டும்.

பழுக்கும் வாழைப்பழத்தில் இருந்து எத்திலீன் என்ற வாயு வெளியாகிறது. அந்த வாயுதான் அன்னாசியை பூக்க தூண்டுகிறது. எல்லா செடியும் ஒரே நேரத்தில் காய்க்க வேண்டும் என்பதற்காக, பெரிய அளவில் சாகுபடி செய்கிறவர்கள் இதே வாயுவை தரும் மருந்தை குருத்தில் ஊற்றுவது வழக்கம். வீட்டில் அந்த மருந்து தேவையில்லை. வாழைப்பழமே அந்த வேலையை செய்துவிடும். பையை எடுத்த பிறகு 2 மாதத்துக்குள் குருத்தில் மாற்றம் தெரியும்.

சின்ன செடிக்கு இதை செய்யக்கூடாது. இலை பலம் இல்லாமல் பூத்தால் எலுமிச்சை அளவில்தான் பழம் வரும்.

பூத்து 5 முதல் 6 மாதத்தில் பழம் தயாராகும். அடிப்பகுதி மஞ்சளாகி, பக்கத்தில் போனாலே வாசம் அடித்தால் அறுக்கலாம். அவசரப்பட்டு பச்சையாக அறுத்து, அரிசி பானையில் வைத்தாலும் இனிப்பு ஏறாது. மாம்பழம் போல அறுத்த பிறகு பழுத்து இனிக்கும் பழம் இல்லை இது. அணிலும், எலியும் மோப்பம் பிடித்து முதலில் வந்துவிடும் என்பதால் பழத்தின் மேல் ஒரு கம்பி கூடையை கவிழ்த்து வைக்கலாம்.

பழம் அறுத்த பிறகு செடியை பிடுங்கிவிடக்கூடாது. அடியில் 2, 3 பக்கக்கன்றுகள் வரும். அதில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை தனி தொட்டியில் வைக்கலாம். அறுத்த பழத்தின் கொண்டையையும் திரும்ப நடலாம். முதல் பழத்துக்குத்தான் அவ்வளவு காத்திருப்பு. அதற்கு பிறகு வரிசையாக வரும்.

10 நாளில் பலன் தருபவை

2 வருடம் வெறும் இலையை பார்த்துக்கொண்டு இருந்தால் யாருக்கும் சலிப்பு வரும். அதனால் அன்னாசியோடு சேர்த்து சீக்கிரம் பலன் தருவதையும் நட வேண்டும்.

புதினா:- இலையை கிள்ளிய பிறகு காம்பை வீசாமல், தடிமனான 4, 5 காம்புகளை எடுத்து கீழ் கணுக்கள் மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் 7 முதல் 10 நாளில் வேர் வரும். பிறகு அகலமான தொட்டியில் நட்டால் ஒரே மாதத்தில் படர்ந்துவிடும். கொஞ்சம் நிழல் இருந்தால் போதும்.

வெங்காயத்தாள்:- கூடையில் முளை விட்ட வெங்காயத்தை அப்படியே மண்ணில் பாதி தெரியும்படி புதைத்தால், 10 நாளில் பச்சை தாள் வந்துவிடும். முட்டை பொரியலுக்கு கிள்ளிக்கொள்ளலாம். சின்ன வெங்காயமாக இருந்து, கிள்ளாமல் விட்டால் 65 முதல் 75 நாளில் ஒரு வெங்காயம் ஒரு கொத்தாக பெருகி இருக்கும்.

வெந்தயக்கீரை:- அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயம் போதும். ஒரு இரவு ஊற வைத்து தூவினால் 3, 4 நாளில் முளைக்கும். 20 முதல் 25 நாளில் கீரை பறிக்கலாம்.

கொத்தமல்லி:- கடையில் வேரோடு வாங்கும் தழையை நட்டால் ஒருமுறை தளிர்க்கும், பிறகு பூத்து முடிந்துவிடும். அதை விட மளிகை தனியாவை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைப்பதே மேல். முளைக்க 10 நாள் ஆகும். 'முளைக்கலையே' என்று 4-வது நாளே மண்ணை கிளறக்கூடாது.

3 மாதத்தில் தக்காளி

தக்காளி விலை எப்போது ஏறும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் கிலோ 100 ரூபாயை தாண்டியதும், ரேஷன் கடைகளில் வைத்து விற்கும் நிலை வந்ததும் இல்லத்தரசிகளுக்கு நினைவு இருக்கும். 2019-ம் ஆண்டு டிசம்பரில் வெங்காயம் அதே வேலையை செய்தது.

நன்றாக பழுத்து, சமையலுக்கு உதவாத தக்காளியை பிழிந்து, விதையை வடிகட்டியில் போட்டு வழவழப்பு போகும் வரை கழுவ வேண்டும். காகிதத்தில் பரப்பி நிழலில் 2, 3 நாள் காய வைத்து விதைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். 25 நாளில் நாற்றை பிடுங்கி தொட்டிக்கு ஒன்றாக நடலாம். விதைத்ததில் இருந்து சுமார் 3 மாதத்தில் பழம் பறிக்கலாம்.

காய்ந்த மிளகாய் வற்றலில் இருக்கும் விதையும் இப்படித்தான். வறுக்காத வற்றலாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கடை தக்காளி பெரும்பாலும் ஒட்டு ரகம். அதன் விதையில் வரும் செடி தாயை போலவே காய்க்கும் என்ற உறுதி இல்லை. சிறுத்தோ, புளித்தோ காய்க்கலாம். நாட்டுத்தக்காளி விதை என்றால் அந்த பிரச்சினை இல்லை.

பொங்கல் மஞ்சள், அடுத்த பொங்கலுக்கு

தை பொங்கலுக்கு பானையில் கட்டும் மஞ்சள் கொத்தை, பண்டிகை முடிந்ததும் காய விட்டு தூக்கிப்போடுவது வழக்கம். அடியில் இருக்கும் கிழங்கை மட்டும் வெட்டி எடுத்து, நிழலில் மணலுக்குள் புதைத்து வைத்தால் வைகாசி வரை கெடாமல் இருக்கும்.

வைகாசியில் அதில் முளை எட்டிப்பார்க்கும். அப்போது அகலமான தொட்டியிலோ, பழைய அரிசி சாக்கிலோ 2 அங்குல ஆழத்தில் நட்டால், அடுத்த தை பொங்கலுக்கு பானையில் கட்ட வீட்டு மஞ்சள் தயார். 7 முதல் 8 மாத பயிர் என்பதால் கணக்கு சரியாக வரும்.

இஞ்சியும் இதே பருவம்தான். முளை தெரியும் துண்டாக பார்த்து, கண் மேலே பார்க்கும்படி நட வேண்டும். இஞ்சிக்கு பாதி நிழல் பிடிக்கும். 8, 9 மாதம் ஆகும். முளை விட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை நட்டு, படரும் கொடியை வெட்டி திரும்ப நட்டால் 4 மாதத்தில் கிழங்கு தோண்டலாம்.

ஏமாற்றுபவை எவை?

கேரட், பீட்ரூட், முள்ளங்கி:- வெட்டிய நுனியை தண்ணீரில் வைத்தால் பச்சை பசேல் என்று இலை வரும். அதோடு சரி. நாம் சமைத்துவிட்ட கிழங்கு திரும்ப வராது. கீரைக்காக வளர்க்கலாம், கிழங்குக்காக காத்திருக்கக்கூடாது.

பூண்டு:- பல் முளைக்கும், தாள் வரும். ஆனால் உள்ளே பூண்டு திரள குளிர் வேண்டும். கொடைக்கானல், ஊட்டியில் விளைவது நாமக்கல் மொட்டை மாடியில் விளையாது. தாளை துவையலுக்கு பயன்படுத்தலாம்.

மளிகை கடை மஞ்சள்:- விரலி மஞ்சள் வேக வைத்து காய வைத்தது. எத்தனை நாள் புதைத்து வைத்தாலும் முளைக்காது.

கறிவேப்பிலை காம்பு:- இலை உருவிய ஈர்க்கில் வேர் வராது. கன்று வாங்கி நட வேண்டும், இல்லாவிட்டால் பழம் பொறுக்கி விதை போட வேண்டும்.

உருளைக்கிழங்கு:- முளைக்கும். ஆனால் குளிர் பயிர் என்பதால் நம் ஊரில் கார்த்திகை, மார்கழியை ஒட்டி நட்டால் மட்டும் கோலி அளவில் கொஞ்சம் கிடைக்கும். வெயில் பட்டு பச்சையாகிப்போன கிழங்கையும், முளையையும் சமைக்கவே கூடாது. அதில் சொலனைன் என்ற விஷப்பொருள் இருக்கிறது. வயிற்றுப்போக்கும், வாந்தியும் வரும். மண்ணுக்கு மட்டும் அதை கொடுக்கலாம்.

முட்டை ஓடு எல்லா செடிக்கும் நல்லதா?

முட்டைக்கு பேர் போன நாமக்கல்லில் முட்டை ஓட்டுக்கு பஞ்சம் இல்லை. 'ஓட்டை உடைத்து எல்லா செடிக்கும் போடு' என்று சொல்பவர்கள் பல பேர்.

முட்டை ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகை. தக்காளி, மிளகாய் தொட்டிக்கு கழுவி காய வைத்து, மிக்சியில் மாவாக அரைத்து போடலாம். மெதுவாகத்தான் மண்ணில் கரையும். ஆனால் அன்னாசிக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு ஏறினால் இலை வெளுக்கும். அதனால் அன்னாசி தொட்டியில் முட்டை ஓடு போடாமல் இருப்பது நல்லது.

நட முடியாத மிச்சம், அதாவது காய்கறி தோல், வாழைப்பழ தோல், சர்க்கரை இல்லாத டீத்தூள் ஆகியவற்றை ஓட்டை போட்ட மூடி வாளியில் காய்ந்த சருகோடு அடுக்கு அடுக்காக போட்டு வந்தால் 2, 3 மாதத்தில் உரமாகிவிடும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு போட்டு கிளறிவிட வேண்டும். சமைத்த சோறு, மீன், கறி போட்டால் எலி வரும்.

வீட்டு குப்பையில் பெரும்பகுதி மட்கும் குப்பைதான். அதை தரம் பிரித்து கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. பிரித்ததில் பாதியை வீட்டிலேயே உரமாக்கிவிட்டால், தெருமுனையில் நாய் கிளறும் குப்பை அந்த அளவுக்கு குறையும்.

கொசு வந்தால் எல்லாம் வீண்!

இனி சொல்வதுதான் மிக முக்கியம். டெங்குவை பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வீட்டில் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்கள் போதும்.

புதினா வைத்த டம்ளர், கொண்டை நிறுத்திய பாட்டில், தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு எல்லாமே அதற்கு பிறப்பிடம் ஆகலாம். பலருக்கு தெரியாத இன்னொரு இடம், அன்னாசி செடியே! அதன் இலை இடுக்குகளில் மழைநீர் கிண்ணம் போல தேங்கி நிற்கும்.

டம்ளர் தண்ணீரை 2 நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொட்டி தட்டில் நிற்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள். மழைக்காலத்தில் வாரம் 2 முறை அன்னாசி குருத்தில் குழாய் தண்ணீரை வேகமாக பீய்ச்சி, தேங்கியதை வெளியேற்றுங்கள். இந்த வேலைக்கு நேரம் இல்லை என்றால், மழைக்காலம் முடியும் வரை தண்ணீரில் வைத்து வளர்ப்பதை தள்ளிப்போடுவதே குடும்பத்துக்கு நல்லது.

மிச்சமாவது எவ்வளவு?

தொட்டியில் வளர்ப்பதால் காய்கறி செலவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 4 பேர் உள்ள குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி 10 தொட்டியில் விளையாது. உழவர்சந்தைக்கு போகத்தான் வேண்டும்.

ஆனால் புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, வெங்காயத்தாள், பச்சை மிளகாய் ஆகியவற்றை கடையில் கட்டாகத்தான் வாங்க வேண்டி இருக்கிறது. பாதி சமையலுக்கு, பாதி பிரிட்ஜில் அழுகி குப்பைக்கு. தேவைக்கு 4 இலை கிள்ளிக்கொள்ளும் வசதிதான் முதல் லாபம். தக்காளி விலை ஏறும் மாதத்தில் 4 செடி காய்த்தால் அது இரண்டாவது லாபம்.

மூன்றாவது லாபத்தை காசில் சொல்ல முடியாது. டம்ளரில் வேர் வருவதை தினமும் காலையில் எட்டிப்பார்க்கும் பிள்ளைக்கு, சாப்பாடு கடையில் இருந்து வருவது இல்லை, மண்ணில் இருந்து வருகிறது என்று யாரும் தனியாக பாடம் நடத்த வேண்டியது இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே நாளில் 20 தொட்டி வாங்கி அடுக்க வேண்டாம். முதல் மாதம் புதினா, வெந்தயம் என 2 தொட்டி போதும். கை பழகியதும் தக்காளி. வைகாசியில் மஞ்சள், இஞ்சி. இடையில் எப்போது அன்னாசி வாங்கினாலும் கொண்டையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்து நட்டுவிட வேண்டும். மற்ற செடிகளுக்கு தண்ணீர் ஊற்றும்போது அதையும் பார்த்துக்கொண்டால் போதும், 2 வருடம் போனதே தெரியாது.

செடிக்கு பூச்சி, நோய் வந்தால் கண்ட மருந்தையும் அடிக்காமல், அந்தந்த வட்டார தோட்டக்கலை அலுவலகத்தில் இலையை காட்டி யோசனை கேட்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக்கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது.

அடுத்த முறை கொல்லிமலைக்கு போகும்போது, அன்னாசியை கொண்டையோடு வாங்கி வாருங்கள். பையில் கொஞ்சம் குத்தத்தான் செய்யும். 2 வருடம் கழித்து அதே பழம் உங்கள் வீட்டு மாடியில் மணக்கும்போது அது மறந்துபோய் இருக்கும். அந்த பழத்தின் தலையிலும் நடுவதற்கு ஒரு கொண்டை தயாராக இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.